பசிக்குது சரி, தாகத்துக்கு என்ன?

வணக்கம் மக்களே. பின்னால் தெரிவது காவிரிதான், நம்புங்கள். திருவையாறு படித்துறையில் உட்கார்ந்திருக்கிறேன். சித்திரை வெயில், ஆறு முழுக்க மணல். வழக்கப்படி ஜூன் 12 மேட்டூர் திறந்து, தண்ணீர் இங்கே வந்து சேரும்வரை இப்படித்தான்.

காலையிலிருந்து நான்கு முறை ‘தாகமா இருக்கு’ என்று சொல்லிவிட்டேன். அப்போதுதான் ஒன்று உறைத்தது. பசி வந்தால் ‘பசிக்குது’. ஒரே சொல்லில் முடிந்தது. தாகத்துக்கு அப்படி ஒன்று நம் தஞ்சாவூர்ப் பக்கம் இல்லை. ‘தாகம் எடுக்குது’, ‘தாகமா இருக்கு’ என்று கூட ஒரு வினையை ஒட்டவைத்தால்தான் ஓடும்.

போன வருடம் மதுரையில் ஒரு கடைக்கார அண்ணன், ‘என்ன தம்பி, தண்ணி தவிக்குதா?’ என்றார். தண்ணீர் எதற்குத் தவிக்க வேண்டும் என்று முழித்தேன். தவிக்கிறவன் நான்தானாம்! யாழ்ப்பாணத்தில் ‘தண்ணி விடாய்க்குது’ என்பார்கள். விடாய் நல்ல பழைய சொல், நாம்தான் விட்டுவிட்டோம்.

அதைவிடப் பழையது ‘வேட்டல்’. கலித்தொகையில் கபிலர் பாட்டு ஒன்று. ஒருத்தியும் அம்மாவும் வீட்டில் இருக்கும்போது ஒருவன் வாசலில் வந்து ‘உண்ணுநீர் வேட்டேன்’ என்கிறான், அதாவது குடிக்கத் தண்ணீர் வேண்டும், தாகம். தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தால் கையைப் பிடித்துவிடுகிறான். அவள் அலற, அம்மா ஓடிவர, ‘தண்ணீர் விக்கியது’ என்று சொல்லி அவனைக் காப்பாற்றுகிறாள். அந்த வேட்டலிலிருந்து வந்த வேட்கைக்கு இன்று ஆசை என்றுதான் முதலில் பொருள் தோன்றுகிறது. பையன் அன்றே இரண்டு பொருளிலும் சொல்லியிருப்பான் போல.

தாகம் வந்த வழி வேறு. வடமொழியில் ‘தாஹ’ என்றால் எரிதல். தகனம் என்கிறோமே, அதுவும் இதே வேர்தான். சுடுகாட்டுச் சொல்லும் தொண்டைச் சொல்லும் பங்காளிகள்! இந்த மணலில் செருப்பில்லாமல் பத்து அடி வைத்துப் பாருங்கள், சந்தேகமே வராது. அப்புறம் இதுவும் தொண்டையோடு நிற்கவில்லை. சுதந்திர தாகம், அறிவுத் தாகம் என்று மேடை ஏறிவிட்டது. மேடையில் கேட்டால் எனக்குக் கொஞ்சம் அலுப்புதான்.

எனக்குப் பிடித்தது எங்கள் அப்பாயி சொல்வது. வீட்டுக்கு யார் வந்தாலும், ‘தாகத்துக்கு என்ன சாப்பிடுறீங்க?’ தண்ணீரைக்கூட இங்கே ‘சாப்பிடுங்க’ என்றுதான் நீட்டுவார்கள். ‘குடிங்க’ என்றால் மரியாதை ஒரு படி குறைந்த மாதிரி. ‘அவர் குடிப்பார்’ என்றால் வேறு அர்த்தம், அது உங்களுக்கே தெரியும்.

வந்தவர் கூச்சப்பட்டு, ‘ஒண்ணும் வேணாம், தண்ணி மட்டும் போதும்’ என்பார். அப்பாயி தலையாட்டிவிட்டு உள்ளே போகும். வரும்போது கையில் மோர்ச் செம்பு இருக்கும்.