ஒரு சொம்புத் தண்ணீர்

நேயர்களுக்கு வணக்கம். காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கம் பழைய வீடுகள் சில தங்கும் விடுதிகளாகிவிட்டன. பின்கட்டைத் தாண்டினால் நீச்சல் குளம், சுற்றிலும் கருஞ்சாம்பல் சிலேட் கல். சில கோடை போனதும் கல் திருநீறு பூசியதுபோல வெளுத்துவிடும். "பேத்துட்டு வேற போட்டுடலாமா மேஸ்திரி?" என்பார்கள். நான் ஒரு சொம்புத் தண்ணீர் கேட்பேன்.

ஊற்றிப் பாருங்கள். ஈரம் பட்ட இடம் பளிச்சென்று கருத்தால், நிறம் எங்கும் போகவில்லை. வெயிலும் மழையும் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கியிருக்கின்றன; வெளிச்சம் அதில் பட்டுச் சிதறுவதால் வெளுப்பாகத் தெரிகிறது. நனைந்தும் வெள்ளை மறையவில்லை என்றால், அது போர் தண்ணீரின் கெட்டிப்பட்ட உப்புக்கறையாகவோ, முன்பு யாரோ அடித்த வார்னிஷ் செத்துப்போனதாகவோ இருக்கும். அதை முதலில் எடுக்க வேண்டும்.

எடுக்கிறேன் என்று பாத்ரூம் ஆசிட்டை ஊற்றாதீர்கள். இணைப்புச் சிமென்ட்டை அது தின்றுவிடும், கல்லிலுள்ள இரும்பும் துருக்கறையாக வெளியே வரும். கடப்பா கல்லையே சிலேட் என்று நினைத்திருப்பவர்களும் உண்டு. அது சுண்ணாம்புக் கல்; எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டாலே நுரைக்கும். சாதாரண அழுக்குக்குக் காரமில்லாத சோப்பும் நைலான் பிரஷ்ஷும் போதும்; கெட்டிப்பட்ட உப்புக்கும் பழைய வார்னிஷுக்கும் அதற்கென்று உள்ள, கல்லுக்கு ஒத்துக்கொள்கிற மருந்து வேண்டும். பிரஷர் பைப்பை நெருக்கிப் பிடித்தால் சிலேட் ஏடு ஏடாக உரியும். உரிந்ததை ஒட்ட வழியில்லை.

ஒரு வீட்டில் ஆச்சி, "ஆத்தங்குடிக் கல்லுக்குத் தேங்காய் எண்ணெய் போடறோமே, இதுக்கும் போடு தம்பி" என்றார். கூடத்தில் பதித்த அந்த ஆத்தங்குடிச் சிமென்ட் ஓட்டுக்கு அது சரி, ஆச்சி. குளத்தங்கரையில் எண்ணெய் பிசுபிசுத்துப் புழுதியைப் பிடிக்கும், ஈரக்காலை வழுக்கிவிடும். மேலே படலமாக நிற்கிற பளபளப்புப் பூச்சும் அப்படித்தான். போதாததற்கு உரியவும் செய்யும்.

வேண்டியது கல்லுக்குள் ஊறுகிற, நிறத்தைத் தூக்கிக் காட்டுகிற சீலர் என்கிற காப்புத் திரவம். ஐப்பசி மழையில் இந்த வேலையைத் தொடாதீர்கள். கழுவிய கல் இரண்டு மூன்று நாள் நன்றாகக் காயட்டும். மூலையில் ஒரு கல்லில் தடவிப் பார்த்து, நிறம் பிடித்தால் மட்டும் மற்றதற்குப் போங்கள். கல் சுடாத காலை நேரத்தில் மெல்லிசாகத் தடவி, ஊறாமல் நிற்பதைக் காய்வதற்குள் துணியால் துடைத்துவிட வேண்டும். அங்கேதான் பலரும் சோம்பல்படுகிறார்கள். விட்டது திட்டுத்திட்டாகப் பிசினாகிவிடும்.

அப்புறம் அவ்வப்போது நாலு சொட்டுத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். முத்தாக நின்றால் சீலர் இருக்கிறது. கல் குடித்துக் கருத்தால் அடுத்த பூச்சுக்கு நேரமாகிவிட்டது. பெரும்பாலும் குளத்தை ஒட்டிய வரிசைதான் முதலில் குடிக்கும்.