எதிர்ப்பக்கம் நிற்கிற வக்கீல்

(சேலத்தில் சட்ட மாணவர்களிடையே ஓய்வுபெற்ற அரசு வழக்கறிஞர் ஒருவர் பேசியது)

பின்வரிசைக்குக் கேட்கிறதா? சரி.

மற்ற வக்கீல்களுக்குக் கட்சிக்காரர் வக்காலத்தில் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். அரசு வக்கீலுக்கு அது வேண்டாம். அரசுக்காக ஆஜராகிறேன் என்று சொன்னால் போதும். அந்தப் பெருமை எனக்கும் இருந்தது. ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது, எதிரே நிற்கும் விவசாயி கட்டும் வரியும் என் ஃபீஸில் இருக்கிறது என்று.

ஒரு பாதைத் தகராறு. பட்டா நிலமா, புறம்போக்கா என்பதுதான் கேள்வி. அரசு அலுவலகத்திலிருந்து பாராவாரிக் குறிப்பு, அதாவது வழக்கு மனுவின் ஒவ்வொரு பாராவுக்குமான பதில், வந்தது. எல்லாப் பாராவுக்கும் ஒரே பதில்: ‘மறுக்கப்படுகிறது.’ மூல ஃபைலைக் கேட்டேன். மூன்று வாய்தா போனது. அப்புறம் செல்லரித்த ஓரங்களோடு, நாடா கட்டி வந்தது. நடுவில் பழைய அளவை வரைபடம் ஒன்று. அதில் சர்வேயர் பென்சிலால் போட்டிருந்த கோடு, வாதி சொன்ன இடத்திலேயே போனது.

“அதை ஏன் சார் கிளறுறீங்க?” என்றார் அதிகாரி. வழக்கை நடத்த முகாந்திரமில்லை என்று கருத்துரை எழுதிக் கொடுத்தேன். சில மாதம் அவர் என்னோடு சரியாகப் பேசவில்லை. வழக்கு கடைசியில் மக்கள் நீதிமன்றத்தில் சமரசமாக முடிந்தது. அங்கே முடிந்தால் மேல்முறையீடு கிடையாது, கட்டிய கோர்ட் ஃபீஸும் திரும்பிவிடும்.

இத்தனை அலைச்சலே தேவையில்லை. அரசு மேல் வழக்குப் போடுமுன் 2 மாத நோட்டீஸ் கொடு என்கிறது சிவில் நடைமுறைச் சட்டத்தின் 80-ஆவது பிரிவு. அந்த 2 மாதத்தில் ஃபைலைப் பிரித்துப் பார்க்கட்டும் என்றுதான். நடப்பதென்ன? நோட்டீஸில் ‘பெறப்பட்டது’ என்று அலுவலக முத்திரை விழும், அவ்வளவுதான்.

ஊர்க்காரியமும் வக்கீல் தொழிலும் சேலத்தில் புதுக் கூட்டு இல்லை. 1900-இல் இங்கே தொழில் தொடங்கிய ராஜாஜி, 1917-இல் நகராட்சித் தலைவராக உட்கார்ந்தார். நான் செய்தது அந்த அளவெல்லாம் இல்லை. சில சனிக்கிழமைகளில் 20 கொண்டை ஊசி வளைவு ஏறி, ஏற்காட்டுப் பக்கம் சட்ட உதவி முகாமுக்குப் போவேன். பெண்களுக்கும் பழங்குடியினருக்கும் வருமானம் பாராமல் இலவச வக்கீல் உண்டு. 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆவது பிரிவு. இதைச் சொன்னாலே பாதிப் பேர் நம்ப மாட்டார்கள். அரசுக்கு எதிரான வழக்கை நான் எடுக்க முடியாது. காகிதத்தைப் படித்துச் சொல்லி, சட்ட உதவிக்கான வக்கீல் பட்டியலில் இருக்கும் ஒருவரிடம் அனுப்பிவைப்பேன்.

ஒருமுறை, அந்த மலையின் மலையாளிப் பழங்குடிப் பாட்டி ஒருத்தி, காபித்தூள் கவரில் சுருட்டிய காகிதங்களோடு வந்தார். என்னை உற்றுப் பார்த்தார்.

“எங்க நெலத்துக் கேசுல எதிர்ப்பக்கம் நின்னது நீதானே சாமி?”

“ஆமா பாட்டி.”

கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு கவரை என் பக்கம் தள்ளினார்.

“சரி, என்ன எழுதியிருக்குன்னு படி.”