எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம்

நேயர்களுக்கு வணக்கம்.

2011-ஆம் வருஷம் பிப்ரவரி 28, ராத்திரி பதினொன்றரை மணி இருக்கும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீடில்லாதவர்களை எண்ணுவதற்கென்று நாடு முழுக்கக் குறித்த இரவு அது. நான் அப்போது மாநகராட்சி ஊழியன். கையில் படிவம், கக்கத்தில் டார்ச் லைட், துணைக்கு ஒரு தூய்மைப் பணியாளர். தாமிரபரணிக் கரையில் ஒரு கல்மண்டபம். ஏழெட்டுப் பேர் படுத்திருந்தார்கள். கடைசித் தூணடியில் மஞ்சப்பையைத் தலைக்கு வைத்து ஓர் ஆச்சி. முகத்தில் வெளிச்சம் படாமல் டார்ச்சைத் தரையில் அடித்தேன். எழுந்து உட்கார்ந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டார்.

"ஆச்சி, எந்த ஊரு?"

"இப்பமா, முன்னாலயா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அவரே சொன்னார். "செந்தூர்ல மாசித் திருவிழா முடிஞ்சி இங்கன வந்தேன். நாளக்கழிச்சி சிவராத்திரிக்குப் பாவநாசம் போயிருவேன். சாரல் விழுந்தா குத்தாலம். ஆடித்தவசுக்குச் சங்கரங்கோயில்."

படிவத்தில் கடைசியாகக் குடியிருந்த ஊர் எது என்று ஒரு கேள்வி உண்டு. அவர் புருஷன் ஊர்ப் பெயரைக் கேட்டு எழுதினேன். "அங்கதான் நான் இல்லையே அய்யா" என்றார். இருந்தாலும் அதைத்தான் எழுதினேன். கட்டத்தை நிரப்பவேண்டுமே.

அந்த ஆச்சி சொன்ன ஊர்களை இப்போது நிர்வாகக் கணக்கில் பாருங்கள். திருச்செந்தூர் ஒரு நகராட்சி. நாங்கள் பேசிய இடம் திருநெல்வேலி மாநகராட்சி. பாபநாசம் விக்கிரமசிங்கபுரம் நகராட்சிக்குள் வருகிறது. குற்றாலம் பேரூராட்சி. சங்கரன்கோவில் இன்னொரு நகராட்சி. 1986-இல் தூத்துக்குடி தனி மாவட்டம் ஆயிற்று, 2019-இல் தென்காசி பிரிந்தது. ஆக ஐந்து உள்ளாட்சி, மூன்று கலெக்டர் ஆபீஸ். ஆச்சிக்கு அது எல்லாமே ஒரே திருநெல்வேலிச் சீமைதான்.

ஊருக்குள்ளேயே இந்தப் பங்காளிச் சண்டை உண்டு. ஜங்ஷனில் பிளாட்பாரத்தில் படுத்தால் ரயில்வே, பஸ் ஸ்டாண்டில் படுத்தால் மாநகராட்சி, கோயில் மண்டபம் என்றால் அறநிலையத்துறை, ஈரடுக்குப் பாலத்தடி வேறொரு துறை. போர்வையைச் சுருட்டிக்கொண்டு அரை பர்லாங் நடந்தால் பொறுப்பு கை மாறிவிடும்.

நான் வேலை பார்த்த ஊர் ஒன்றில், பெயர் வேண்டாம், பெரிய மனுஷர் யாராவது வருகிறார் என்றால் முந்தின ராத்திரி வேன் வரும். நடைபாதையில் கிடப்பவர்களை ஏற்றி, எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் இறக்கிவிட்டு வருவார்கள். ஒரு தடவை அந்த வேனில் நானும் போயிருக்கிறேன், அதை மறைக்க விரும்பவில்லை. பக்கத்து ஊர்க்காரர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. ஒரு வாரத்தில் அவர்கள் வேன் எங்கள் பக்கம் வந்து போயிற்று. இரண்டு ஊர் அறிக்கையிலும் ஒரே வாசகம்: 'வீடற்றோர் எவருமில்லை.'

2011 கணக்கின்படி நாடு முழுக்க வீடில்லாதவர்கள் சுமார் 17 லட்சத்து 73 ஆயிரம் பேர். அதற்கு முந்தின வருஷமே உச்ச நீதிமன்றம், நகரங்களில் லட்சம் பேருக்கு ஒரு தங்கும் இல்லம் வீதம், இருபத்துநாலு மணி நேரமும் திறந்திருக்கிற மாதிரி அமைக்கச் சொல்லியிருந்தது. நல்ல உத்தரவு. ஆனால் நம் பக்கத்துக்கு வரும்போது அந்த 'லட்சம்' இடறுகிறது. திருநெல்வேலி மாநகராட்சிக்கு அந்தக் கணக்கெடுப்பில் நாலே முக்கால் லட்சத்தை ஒட்டிய ஜனத்தொகை. நாலைந்து இல்லம் கேட்கலாம். குற்றாலத்தில் நிரந்தரமாகக் குடியிருப்பவர்கள் சில ஆயிரம் பேர்தான். லட்சக் கணக்கில் அதற்கு ஒன்றுமே சேராது. சீசன் நேரத்தில் அருவிக்கரைக் கடை வாசலில் ராத்திரி எத்தனை பேர் ஈரச்சாக்கில் சுருண்டு கிடக்கிறார்கள் என்று போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பாபநாசத்துக்கும் இதே கதைதான். திருவிழா நாளில் லட்சக்கணக்கில் கூடுகிற திருச்செந்தூருக்கும் இதே கதை. தனித்தனியாகக் கேட்டால் யாருக்கும் கிடைக்காது. சேர்ந்து கேட்டால் கிடைக்க வழி உண்டு. சேர்ந்து கேட்கவேண்டும் என்றால் முதலில் சேர்ந்து எண்ணியிருக்கவேண்டும்.

அமெரிக்காவில் ஜனவரி மாசக் கடைசிப் பத்து நாளுக்குள் ஓர் இரவைக் குறித்து எண்ணுகிறார்கள். அக்கம்பக்கத்து உள்ளாட்சிகள் பல இடங்களில் ஒரே கூட்டாகச் சேர்ந்து இதைச் செய்கின்றன. அங்கே பிரச்சினை தீர்ந்துவிட்டதா என்றால் இல்லை. ஆனாலும் பக்கத்து ஊரோடு ஒரே நாளில், ஒரே படிவத்தில் எண்ணுகிற பழக்கத்தை எடுத்துக்கொள்வதில் நமக்கு நஷ்டம் ஒன்றுமில்லை.

நம் சட்டத்திலும் இடம் இருக்கிறது. 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தில் மாவட்டத் திட்டக் குழு என்று ஒன்று வைத்தார்கள். ஊராட்சிக்கும் நகராட்சிக்கும் பொதுவான காரியங்களைப் பார்ப்பது அதன் வேலை. தண்ணீரை உதாரணத்துக்கே சொல்லியிருக்கிறார்கள். தாமிரபரணித் தண்ணீருக்காக இந்த மாவட்ட அதிகாரிகள் உட்கார்ந்து பேசாமலா இருக்கிறார்கள்? அதே ஆற்றங்கரையில் படுத்திருக்கிற மனுஷருக்காகவும் ஒரு நாள் உட்காரலாம்.

எண்ணப் போவது யார் என்பதும் முக்கியம். என்னை மாதிரிப் படிவத்தோடு போகிறவனைக் கண்டால் பாதிப் பேர் எழுந்து போய்விடுகிறார்கள். பிச்சையெடுப்பதைத் தடுக்கிற 1945-ஆம் வருஷத்துச் சட்டத்தின் பயம் அவர்களுக்கு இன்னும் விடவில்லை. அன்றைக்குக் கூட வந்த தூய்மைப் பணியாளர் இல்லாவிட்டால் ஆச்சி என்னோடு பேசியிருக்கமாட்டார். காலை ஐந்து மணிக்குத் தெருவில் இறங்குகிறவர் அவர். எந்தத் திண்ணையில் யார் படுப்பார், யாருக்குப் புத்தி பேதலித்திருக்கிறது, யாரை மகன் பஸ்ஸில் ஏற்றிவிட்டுத் திரும்பவில்லை, எல்லாம் தெரியும். டீக்கடைக்காரரும் அப்படித்தான். இவர்களைக் கூட்டிக்கொண்டு போங்கள். ரேகை எடுக்காதீர்கள், ஆதார் எங்கே என்று ஆரம்பிக்காதீர்கள். மனநலம் குன்றித் திரிகிறவரைக் கண்டால், 2017-ஆம் வருஷத்து மனநலச் சட்டப்படி அவரைப் பாதுகாப்பில் எடுத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசேர்ப்பது போலீஸாரின் கடமை. அதை அந்தந்த ஊர் ஸ்டேஷனுக்கு முன்கூட்டியே ஞாபகப்படுத்திவிட்டால் போதும்.

2023 டிசம்பர் 17, 18. அந்த மழையை நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. குறுக்குத்துறை முருகன் கோயிலை ஆறு மூடிக்கொண்டு ஓடியது. வீடு மூழ்கியவர்களுக்கு நிவாரணப் பட்டியல் எடுத்தார்கள். கரை மண்டபங்களில் படுத்திருந்தவர்களில் யார் மேடேறினார், யார் ஏறவில்லை என்று என்னிடம் கேட்டால், அப்படி ஒரு பட்டியலை நான் எங்கேயும் பார்க்கவில்லை. பெயர் எழுதியிருந்தால் அல்லவா தேடுவதற்கு!

2021-இல் நடக்கவேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய், இப்போது 2027 மார்ச் 1-ஐக் கணக்கு நாளாக அறிவித்திருக்கிறார்கள். அந்த வருஷம் சிவராத்திரி மார்ச் 6. போன தடவை மாதிரியே ஜனம் பாதையில் இருக்கிற வாரம். சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம் வழியாகப் பாபநாசத்துக்கு நடையும் பஸ்ஸுமாகப் போய்க்கொண்டிருப்பார்கள்.

அன்றைக்கு டார்ச் எடுத்துக்கொண்டு போகிறவர் யாராவது இதைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். 'எந்த ஊர்' என்று கேட்டு முடித்ததும், 'அடுத்து எங்கே போவீங்க' என்றும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் படிவத்தில் அதற்குக் கட்டம் கிடையாது. ஓரத்தில் கொஞ்சம் இடம் இருந்தது.

வணக்கம்.