அம்மி நகர்ந்த கதையும் நம் ஊர் மியூசியமும்

(தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு அருகே, கோயில் மண்டபத்தில் நடந்த பொங்கல் விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். தலைமை தாங்கும் கோயில் தலைவர் ஐயா அவர்களே, இத்தனை வேலைக்கு நடுவிலும் வந்திருக்கும் நகர்மன்ற உறுப்பினர் அம்மா அவர்களே, தமிழ்ச் சங்கப் பெரியவர்களே, ஆசிரியைகளே, காலையிலிருந்து பொங்கல் பானையோடு நிற்கும் தாய்மார்களே, பின்னால் நிற்கும் தம்பிகளே, வணக்கம். தம்பி, முன்னால் நாற்காலி காலியாக இருக்கிறது, வந்து உட்காருங்கள். கோயில் தலைவர் ஐயாவுக்குத் தனியாக ஒரு நன்றி சொல்லியாக வேண்டும், ஏனென்றால் மியூசியத்துக்குச் சேர்த்த பொருள்களை வைக்க இடமில்லாமல் நாங்கள் ஆளுக்கு ஒரு மூட்டையாக வீட்டில் வைத்திருந்த காலத்தில் இந்த மண்டபத்தின் பக்கத்து அறையைத் திறந்து சாவியைக் கையில் கொடுத்தவர் அவர். இன்றுவரை வாடகை என்று வாய் திறந்ததில்லை. உறுப்பினர் அம்மா வாசலுக்கு விளக்கு போட வைத்தார். அவருக்கும் நன்றி.

ஓர் ஊர் மியூசியத்தை எப்படி நடத்துவது என்று பேசச் சொன்னார்கள். பணம், கட்டடம், பொருள், ஆள் என்று நான்கு விஷயம் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன்.

பணத்தை முதலில் முடித்துவிடுகிறேன். லாப நோக்கமற்ற அமைப்பாகப் பதிவு செய்துவிட்டோம் என்று நிம்மதியாக இருக்க முடியாது. நிதியாண்டு முடிந்து 9 மாதத்துக்குள் அறிக்கையும் கணக்கும் சமூக நலத்துறைக்குப் போய்ச் சேர வேண்டும். போகாவிட்டால் பதிவுக்கே ஆபத்து, பதிவு போனால் பொதுப் பணிகளுக்கு உதவும் தேசிய லாட்டரி நிதியிலிருந்து ஒரு ராண்ட் கூட எதிர்பார்க்க முடியாது. தலைவராக வருகிறவர் முதலில் கணக்கு நோட்டைத்தான் கையில் எடுக்க வேண்டும். அலுப்பான வேலைதான், ஆனால் அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்.

கட்டடத்தில் ஒன்று மட்டும். 60 ஆண்டு தாண்டிய கட்டடத்தை அனுமதி வாங்காமல் இடிக்கவோ மாற்றவோ கூடாது என்று 1999-ஆம் ஆண்டுப் பாரம்பரியப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. கோயில்களுக்கும் அது பொருந்தும். மீதியை அப்புறம் சொல்கிறேன்.

பொருளுக்கு வருவோம். அம்மி நகரும் என்று சொன்னேன் அல்லவா, நாங்கள் உண்மையிலேயே ஒரு அம்மியை நகர்த்தினோம்! சாட்ஸ்வர்த்தில் ஒரு பாட்டி. முன்பு டர்பனில் கேட்டோ மேனர் பகுதியில் இருந்த குடும்பம். எந்த இனத்தவர் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்த நிறவெறிக் காலத்து இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தில் அங்கிருந்து கிளப்பிவிட்டபோது லாரிக்காரர் கல்லையெல்லாம் ஏற்ற மாட்டேன் என்றாராம். பாட்டியின் வீட்டுக்காரர் கட்டிலை இறக்கிவிட்டு அம்மியை ஏற்றினாராம். அந்த அம்மி பின்கட்டில் குழாயடியில் கிடந்தது, பேரப்பிள்ளைகள் மிக்ஸி வாங்கிவிட்டார்கள். எங்கள் பொருளாளர் மசாலா வாங்க அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எட்டிப் பார்த்துக் கேட்பார். பாட்டி டீ கொடுப்பார், ரஸ்க் கொடுப்பார், அம்மி மட்டும் கிடையாது. ஒருநாள் பாட்டியே கேட்டார்: "கொடுத்தால் அதில் யார் அரைப்பீர்கள்?" யாரும் அரைக்க மாட்டோம் பாட்டி, கண்ணாடிக்குள் வைப்போம் என்றார் இவர். "அரைக்காத அம்மி எதுக்குடா? டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பு" என்றார் பாட்டி. அவர் கேட்டது நியாயம்தானே! குழுவில் உட்கார்ந்து பேசினோம். அடுத்த முறை, கண்ணாடி வேண்டாம் பாட்டி, பள்ளிப் பிள்ளைகள் வரும்போது நீங்களே வந்து தேங்காய்ச் சட்னி அரைத்துக் காட்டுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தார். பாட்டி தானே போன் செய்தார். நான்கு பையன்கள் தூக்கினார்கள், கதவு இடித்தது, பக்கி என்கிற சிறிய சுமை வண்டியின் பின்பக்கம் தரையைத் தொடுகிற மாதிரி இறங்கியது. தெருவே வந்து நின்று யார் வீட்டு மசாலாவெல்லாம் அதில் அரைபட்டது என்று பேசியது, எங்கள் செயலாளர் அதையெல்லாம் போனில் பதிவு செய்துகொண்டே இருந்தார். அடிமேல் அடி என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை.

வண்டி கிளம்பும்போது பாட்டி, "இதையும் கொண்டு போ" என்று கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு தகரப் பெட்டியைக் கொடுத்தார். உள்ளே மாமனார் வைத்திருந்த நோட்டு ஒன்றும் சில கடிதங்களும். எல்லாம் தமிழ். எங்கள் குழுவில் பாதிப் பேருக்குத் தமிழ் எழுத்து தெரியாது, தெரிந்தவர்களுக்கும் அந்தப் பழைய கையெழுத்து ஓடவில்லை. பாட்டிதான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்தைப் படித்தார். கோயில் விளக்கு வாங்க தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லைன் வீடுகளில் வசூலித்த பணம், இன்னார் ஒரு ஷில்லிங், இன்னார் ஆறு பென்ஸ் என்று பெயர் பெயராக.

இங்கேதான் ஆள் விஷயம் வருகிறது, நான் இன்று முக்கியமாகச் சொல்ல வந்ததும் இதைத்தான். 1860 நவம்பர் 16-ல் ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து 342 பேரோடு டர்பன் வந்தது. 1911-ல் ஒப்பந்தக் கூலிகளாக ஆள் கொண்டுவரும் முறை நிற்பதற்குள் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் டர்பன் இருக்கும் இந்த நேட்டாலுக்கு வந்துவிட்டார்கள். அவர்கள் ஒவ்வொருவரையும் பற்றிக் கப்பல் பட்டியலில் எழுதியிருக்கிறது: எண், பெயர், அப்பா பெயர், வயது, சாதி, கிராமம், உடம்பில் உள்ள அடையாளம். எழுதியவர் அரசாங்கக் குமாஸ்தா, தன் காதில் விழுந்த மாதிரி எழுதினார். அந்தப் பட்டியல் நமக்கு வேண்டும், ஆனால் அதில் நம் முன்னோர் கையால் எழுதியது ஒரு வரி இல்லை. அவர்களே எழுதியது இந்த மாதிரித் தகரப் பெட்டிகளில்தான் இருக்கிறது, அவற்றைப் படிக்கத் தெரிந்தவர்களோ இன்று முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் தாத்தா பாட்டிமார்கள்தான். கேப் டவுனில் 1994-ல் தொடங்கிய டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் மியூசியத்தில் தரையில் பெரிய வரைபடம் போட்டு, அந்தப் பகுதியிலிருந்து நிறவெறி ஆட்சியில் வெளியேற்றப்பட்டவர்களையே தங்கள் வீடு இருந்த இடத்தில் எழுத வைத்தார்கள். ஊர் மியூசியம் நடத்துகிறவர்கள் கற்றுக்கொள்ள வேண்டிய வேலை அது.

அதனால் கேட்கிறேன், தமிழ் படிக்கத் தெரிந்த ஒவ்வொருவரும் சனிக்கிழமை காலை இரண்டு மணி நேரம் தாருங்கள். உங்கள் பக்கத்தில் ஒரு பிள்ளையை உட்கார வைக்கிறோம். நீங்கள் படியுங்கள், பிள்ளை எழுதட்டும், அப்படியே எழுத்தும் பழகட்டும். மெதுவாகத்தான் போகும், அடிமேல் அடி. வீட்டில் தமிழ்க் காகிதம் இருந்தால் செல்லோடேப் ஒட்டாதீர்கள், பிளாஸ்டிக் பையில் கட்டாதீர்கள், படிக்க முடியவில்லை என்று தூக்கியும் போடாதீர்கள். கொடுக்க மனமில்லையா, சரி, படம் எடுத்துக்கொண்டு அன்றே திருப்பித் தருகிறோம்.

வாசலில் செயலாளர் பெயர் எழுத நோட்டோடு நிற்கிறார். வரும் சனிக்கிழமை ஒன்பது மணிக்கு, பாட்டியின் நோட்டில் இரண்டாம் பக்கத்திலிருந்து தொடங்குகிறோம். வணக்கம்.