உப்பிய பூச்சும் தடித்த தமனியும்

வணக்கம். காரைக்குடியில் எங்கள் ஆயா வீட்டு வளவில் நின்றுகொண்டு பேசுகிறேன். முட்டை வெண்கரு சேர்த்துப் பூசிய சுண்ணாம்புச் சுவர், இன்றைக்கும் கண்ணாடி போல் மின்னுகிறது. ஆனால் கேமராவைத் திருப்பும் இந்த மூலையில் பூச்சு உப்பி நிற்கிறது. தட்டினால் பொள்ளென்று ஒலிக்கிறது. வெளியிலிருந்து எதுவும் ஒட்டவில்லை, கோளாறு பூச்சுக்கு அடியில்.

தமனி தடிப்பதைச் சாக்கடைக் குழாயில் பிசுக்கு படிவதாகவே நம்மில் பலர் நினைக்கிறோம். நடப்பது இந்தச் சுவர்க் கதைதான். 'கெட்ட கொழுப்பு' எனப்படும் எல்.டி.எல். துகள்கள் தமனியின் உட்படலத்தைத் தாண்டிச் சுவருக்குள் சிக்கி உருமாறுகின்றன. அவற்றை விழுங்க வரும் வெள்ளையணுக்கள் கொழுப்பால் உப்பி, நுரைச் செல்களாகி, இன்னும் பல வெள்ளையணுக்களை அழைக்கும் வேதிப்பொருட்களைச் சுரந்தபடியே அங்கேயே மடிகின்றன. இதுதான் அழற்சி. அது நீடித்தால், இப்படிச் சுவருக்குள் சேர்ந்த கொழுப்புப் படிவை மூடியிருக்கும் நார்ப்படலம் மெலிந்து ஒருநாள் கிழிகிறது, அங்கே இரத்தம் உறைகிறது, மாரடைப்பு வருகிறது. பாதிகூட அடைபடாத குழாயிலும் அது வருவதற்குக் காரணம் இதுவே.

அழற்சியை மட்டும் குறைத்தால் பலன் உண்டா? 2017இல் வெளியான கேன்டோஸ் ஆய்வில், ஏற்கெனவே மாரடைப்பு கண்ட ஏறத்தாழ 10,000 பேரில் ஒரு பகுதியினருக்கு அழற்சியைத் தணிக்கும் கனகினுமாப் ஊசி போட்டார்கள். எல்.டி.எல். குறையவில்லை, ஆயினும் 150 மி.கி. அளவில் மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் ஆகியவை சேர்ந்து 15 விழுக்காடு குறைந்தன. உயிர்போகும் நோய்த்தொற்றுகள் சற்றே கூடியது அதன் மறுபக்கம்.

எனக்குப் பிடித்த பகுதி இனிமேல்தான். அழற்சியைத் தணிக்கும் கீல்வாத மருந்தான கோல்ச்சிசின், நம் மாநில மலரான செங்காந்தளிலும் இருக்கிறது. 2019இன் கோல்காட் ஆய்வில் தினமும் 0.5 மி.கி. எடுத்த மாரடைப்பு நோயாளிகளுக்கு இதயப் பாதிப்புகள் 23 விழுக்காடு குறைந்தன. 2024இல் வந்த இன்னொரு பெரிய ஆய்வோ பலன் காட்டவில்லை. ஆகவே யாரும் செங்காந்தளின் கிழங்கான கண்வலிக் கிழங்கைத் தோண்டிவிடாதீர்கள், அது ஆளைக் கொல்லும் நஞ்சு.

எங்கள் அப்பச்சிக்கு மருத்துவர், இரத்தத்தில் அழற்சியின் அளவைக் காட்டும் சி.ஆர்.பி. நுண்சோதனை எழுதிக் கொடுத்தபோது, சளிக் காய்ச்சல் தீர்ந்து இரண்டு வாரம் கழித்தே எடுக்கச் சொன்னார், ஏனெனில் சாதாரணக் காய்ச்சலும் அந்த எண்ணை ஏற்றிவிடும். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையை நிறுத்த வேண்டாம் என்றும் சொன்னார்; அது கொழுப்போடு அழற்சியையும் தணிக்கிறது. சுருட்டை மட்டும் அன்றே பிடுங்கி வைத்துக்கொண்டார்.