மூச்சிலிருந்து தொடங்கும் யோகம்

(காரைக்குடியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, ஆச்சிமார்களே, இளைஞர்களே, அனைவருக்கும் வணக்கம்.

யோகா என்றதும் தலைகீழாக நிற்கும் ஓர் உருவம்தான் பலருடைய மனத்தில் எழுகிறது. "இது நம்ம வயசுக்கு ஆகாது" என்று அதைப் பார்த்ததுமே ஒதுங்கிவிடுகிறவர்கள் நம் பகுதியில் மிகுதி. அவர்களுக்காகவே இன்று பேச வந்திருக்கிறேன். சுகமாக அமரவும், மூச்சை நிதானமாக வெளியே விடவும் கற்றுக்கொண்டவர் யோகத்தின் பெரும்பகுதிக்குள் நுழைந்துவிட்டார் என்பது என் உறுதியான கருத்து.

திருப்பத்தூர்த் திருத்தளிநாதர் கோயிலுக்குப் போனவர்கள் அங்கே யோக பைரவரைத் தரிசித்திருப்பீர்கள். மற்றக் கோயில்களில் பெரும்பாலும் நின்ற கோலத்தில் காட்சி தரும் பைரவர், அங்கே யோக நிலையில் அமர்ந்திருக்கிறார். மரத்தடியில் அமர்ந்து உபதேசிக்கும் தட்சிணாமூர்த்தியை வழிபடப் பட்டமங்கலம் போகிறோம். இவர்களைக் கும்பிட்டு வளர்ந்த நமக்கு யோகம் வெளியூர்ச் சரக்கு அன்று. யோக சூத்திரம் இயற்றிய பதஞ்சலி முனிவரும் நம் திருமூலரும் யோகத்துக்கு எட்டு உறுப்புகள் சொன்னார்கள்: இயமம், நியமம், ஆசனம், பிராணாயாமம், பிரத்தியாகாரம், தாரணை, தியானம், சமாதி. இவற்றுள் ஆசனத்தைப் பற்றிப் பதஞ்சலி கூறுவது மூன்றே சூத்திரங்கள். அது உறுதியாகவும் சுகமாகவும் இருக்க வேண்டும் என்பதே அவற்றின் தொடக்கம். இன்று வகுப்புகளில் காணும் ஆசன வரிசைகளில் பல, 1930-களில் மைசூர் அரண்மனையில் கற்பித்துப் பின்னர்ச் சென்னையில் வாழ்ந்த கிருஷ்ணமாச்சாரியார் போன்ற ஆசிரியர்களின் காலத்தில் உருப்பெற்றவை. அவற்றைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அவற்றைச் செய்ய முடியாதவருக்கு யோகமே இல்லை என்று எண்ணுவது பெரும் பிழை.

பர்மாவிலும் மலேயாவிலும் கிட்டங்கி என்னும் வணிகக் கூடத்தில் கணக்கெழுதிய நம் முன்னோர் கைப்பெட்டியை முன்னால் வைத்துக்கொண்டு, பாயில் சம்மணமிட்டு நாள் முழுவதும் வேலை பார்த்தார்கள். வீட்டில் ஆச்சிமார் அரிவாள்மனைக்கு முன் குந்தியமர்ந்து, பந்திக்கு வேண்டிய காய்கறி அத்தனையையும் நறுக்கி முடித்தார்கள். இன்று சாப்பாட்டுக்கு மேசை, பேச்சுக்குச் சோபா, பயணத்துக்குக் கார் என்று ஆனபின், இடுப்பு மூட்டை முழுவதும் மடக்கும் வேளையே நமக்கு வாய்ப்பதில்லை. மடக்காத மூட்டு இறுகத்தான் செய்யும்.

அப்படி இறுகியவர் திடீரென்று வெறும் தரையில் அமர்ந்தால் என்ன நேருகிறது என்று பாருங்கள். முழங்கால் இரண்டும் இடுப்பைவிட உயரத்தில் நிற்கின்றன. முதுகு பின்னோக்கி வளைகிறது. சற்று நேரத்தில் இடுப்புக்கு மேலே கடுக்கத் தொடங்குகிறது. இதற்கு மருந்து உங்கள் வீட்டுப் பட்டாசாலையிலேயே இருக்கிறது. ஒரு ஜமுக்காளத்தைக் கனமாக மடித்து, உட்காரும் இடத்துக்கு அடியில் மட்டும் வையுங்கள். கால்கள் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையின் மேலேயே இருக்கட்டும். இடுப்பு நான்கு விரற்கடை உயர்ந்ததும் முழங்கால்கள் தாழும், முதுகு நிமிரும், வயிற்றின் இறுக்கம் விடும். இப்போது வலது கையைத் தொப்புளுக்குச் சற்று மேலே வைத்து மூச்சை இழுங்கள். வயிறு கையை முன்னே தள்ள வேண்டும். பலருக்கு வயிறு உள்ளே போய்த் தோள்கள் மேலே ஏறுகின்றன; மேல் மார்பால் மட்டும் சுவாசிப்பதன் அடையாளம் அது. மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள உதரவிதானம் என்னும் தசை கீழே இறங்கினால்தான் நுரையீரலின் அடிப்பகுதி நன்றாக விரியும்.

மூச்சுக்கும் மனத்துக்கும் உள்ள தொடர்பு கற்பனை அன்று. உள்ளே இழுக்கும்போது இதயத்துடிப்பு சற்று விரைகிறது. வெளியே விடும்போது தணிகிறது. மூளையிலிருந்து இதயத்துக்கும் குடலுக்கும் செல்லும் வேகஸ் நரம்பு இதில் பெரும்பங்கு வகிக்கிறது. சும்மா இருக்கும்போது வளர்ந்தவர் ஒருவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை வரை மூச்சு விடுகிறார். அதை மெல்ல மெல்ல 6 அளவுக்குக் கொண்டுவந்து, வெளிமூச்சை நீளமாக்கும்போது, உடலை அமைதிப்படுத்தும் நரம்பு மண்டலம் ஓங்குகிறது. திருமூலர் இழுக்க 16, நிறுத்த 64, விட 32 மாத்திரை என்று கணக்குச் சொன்னார்; மாத்திரை என்பது இங்கே கால அளவு. விடுவது இழுப்பதைப் போல் இரண்டு மடங்கு என்பதைக் கவனியுங்கள். நடுவில் நிறுத்தும் கும்பகத்தைக் குரு இல்லாமல் முயலக் கூடாது. இழுக்க நான்கு எண்ணுங்கள், விட ஆறோ எட்டோ எண்ணுங்கள். தொடங்குபவருக்கு அது போதும்.

உடம்புக்கு வருவோம். நாள்பட்ட இடுப்பு வலிக்கு மாத்திரைக்கு முன்பே முயன்று பார்க்கத்தக்க முறைகளில் ஒன்றாக, 2017-இல் அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்னும் மருத்துவர் சங்கம் யோகாவையும் சேர்த்தது. இரத்த அழுத்தம் ஓரளவு குறையவும் யோகம் துணை செய்கிறது. மாத்திரையை நிறுத்தலாம் என்பது இதற்குப் பொருள் அன்று; அந்த முடிவு மருத்துவருடையது. வயதானவர்களுக்கு நான் மிகவும் வற்புறுத்துவது சமநிலைப் பயிற்சியை. நம் வீடுகளில் வளவு என்னும் உள்முற்றத்தைத் தாண்டி இரண்டாம் கட்டுக்குப் போவதற்குள் எத்தனை நிலைப்படிகள்! இரவில் தடுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவர் இல்லாத தெரு உண்டா? முகப்பில் நிற்கும் தேக்குத் தூணை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, ஒரு பாதத்தை மற்றக் கணுக்காலின் மேல் வைத்துச் சில மூச்சு நேரம் நில்லுங்கள். மரம்போல் நிற்கும் விருட்சாசனம் என்பதும் அதுவே.

மனத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, அத்தனை பெரிய வீட்டில் தனியே இருக்கும் பெற்றோர் பலர் இந்த அவையிலேயே இருக்கிறீர்கள். இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் கவலை ஒன்றன்பின் ஒன்றாக வரிசை கட்டி நிற்கிறது. கவலையை விரட்ட முயன்றால் அது வளரும். கவனத்தை மூச்சுக்குத் திருப்பி, அது விலகும்போதெல்லாம் கோபமின்றித் திரும்பக் கொண்டுவருவதே, மனத்தை ஒன்றில் நிறுத்தும் தாரணையின் முதல் படி. தூக்கம் வருவதற்கும் இது உதவும். மனச்சோர்வு நீடித்தால் மட்டும் தயங்காமல் மருத்துவரைப் பாருங்கள். யோகம் அதற்கு மாற்று ஆகாது.

சில எச்சரிக்கைகள். கண் நீர் அழுத்த நோய் உள்ளவர்களும், இரத்த அழுத்தம் கட்டுப்படாதவர்களும் தலைகீழ் ஆசனங்களின் பக்கமே போக வேண்டாம். அண்மையில் வயிற்றில் அறுவை செய்துகொண்டவர்களும் கருவுற்றவர்களும், வயிற்றை உள்ளிழுத்து மூச்சை வேகமாக வெளியே தள்ளும் கபாலபாதியைத் தவிர்க்க வேண்டும். எலும்பின் அடர்த்தி குறைந்தவர்கள் முன்னே ஆழமாகக் குனியக் கூடாது. வெறும் வயிற்றில் செய்வது பொது விதி என்றாலும், சர்க்கரைக்கு இன்சுலின் போடுபவர்கள் அப்படிச் செய்தால் மயக்கம் வரக்கூடும். மருத்துவரிடம் நேரத்தைக் கேட்டு முடிவு செய்யுங்கள். கல்யாண விருந்தில் பலகாரமும் பணியாரமும் சாப்பிட்ட கையோடு யாரும் ஆசனத்துக்கு வர வேண்டாம். மூன்று நான்கு மணி நேரமாவது போகட்டும்.

மூட்டு மாற்று அறுவை செய்துகொண்ட ஆச்சி ஒருவர், தரையில் உட்கார முடியாத தமக்கு என்ன வழி என்று தொடங்குமுன் கேட்டார். நாற்காலியில் சாயாமல் நுனியில் அமருங்கள், ஆச்சி. இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் படியட்டும். எட்டவில்லையென்றால் அடியில் ஒரு மணைப்பலகையைப் போட்டுக்கொள்ளுங்கள். கையைத் தொப்புளுக்கு மேலே வைத்து, நான்கு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள். மற்றவர்களும் அப்படியே நிமிர்ந்து அமருங்கள். இப்போதே சேர்ந்து செய்து பார்ப்போம்.