மார்ச்சிங் பேண்டை விடச் சொல்லாதீர்கள்

எல்லோருக்கும் வணக்கம். டெக்சஸில் பிள்ளை வளர்க்கும் நம் வீடுகளில் ஒன்பதாம் வகுப்போ பத்தாம் வகுப்போ முடியும்போது நடந்துகொண்டே வாத்தியம் வாசிக்கும் பள்ளிக் குழுவான மார்ச்சிங் பேண்டைப் பற்றி ஒரு பேச்சு தவறாமல் வரும்: "மார்ச்சிங் பேண்ட் போதும், விட்டுடு, ரேங்க் அடிபடும்." அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

வீண் பயம் என்று சொல்ல மாட்டேன். பல பள்ளி மாவட்டங்களில் ஏபி எனப்படும் கல்லூரித் தர வகுப்புக்குக் கிடைக்கும் கூடுதல் புள்ளி பேண்டுக்குக் கிடையாது, நூற்றுக்கு நூறு வாங்கினாலும் சராசரி கொஞ்சம் இறங்கும். ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகமும் பள்ளி ரேங்கை வைத்துத் தரும் நேரடி இடத்தை முதல் 6 சதவீதத்திலிருந்து 2026 சேர்க்கைக்கு 5 சதவீதமாகக் குறைத்துவிட்டது. சரி, பெற்றவர்கள் கணக்குப் போடத்தான் செய்வோம். அந்தக் கணக்கில் என்ன விட்டுப்போகிறது என்று தெரிய ஆகஸ்ட் மாதத்தில் ஒரு நாள் காலையில் பள்ளியின் பார்க்கிங் லாட்டுக்கு வந்து நின்று பாருங்கள்.

பள்ளி திறந்திருக்காது. தார்த் தரையில் ஃபுட்பால் மைதானத்தின் கோடுகளைப் பெயிண்டில் போட்டிருப்பார்கள், ஒலிபெருக்கியில் மெட்ரோனோம் என்னும் தாளக் கருவி விடாமல் அடித்துக்கொண்டே இருக்கும், காலை ஒன்பது மணிக்கே தரை கொதிக்கும். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு 'டாட்', அதாவது நிற்க வேண்டிய புள்ளி, உண்டு; 40 யார்டு கோட்டிலிருந்து இத்தனை ஸ்டெப் தள்ளி, ஹாஷ் என்னும் மைதானத்தின் நீளவாட்டு அடையாளத்துக்கு இத்தனை ஸ்டெப் பின்னால் என்று. 5 யார்டுக்கு 8 ஸ்டெப், ஒவ்வொன்றும் 22.5 அங்குலம். கால் பக்கவாட்டில் போகும்போதும் மார்பும் வாத்தியமும் பார்வையாளர்கள் பக்கமே இருக்க வேண்டும். குதிகாலில் இறங்கி விரல் வரைக்கும் பாதத்தை உருட்டி வைக்காவிட்டால் உதட்டில் இருக்கும் மௌத்பீஸ் குலுங்கி ஸ்வரம் நடுங்கிவிடும். கரகம் வைத்து ஆடுகிறவர்களுக்கு இருக்கிற கட்டுப்பாடு அது.

இன்னொரு விஷயம். மைதானத்தின் நீளம் 100 யார்டு, ஏறக்குறைய 91 மீட்டர். ஒரு கோடியில் அடித்த டிரம் மறு கோடிக்குப் போய்ச் சேரக் கால் நொடிக்கு மேல் ஆகும். நிமிடத்துக்கு 160 தட்டு என்றால் அது அரைத் தட்டுக்கும் அதிகம். தூரத்துச் சத்தத்தைக் காதில் வாங்கி அதோடு சேர்ந்து வாசித்தால் மொத்தமும் சிதறும், அதனால் முன்னால் நின்று தாளம் காட்டும் டிரம் மேஜரின் கையைப் பார்த்துத்தான் வாசிக்க வேண்டும். பதினாலு வயதுப் பிள்ளைகள் இதைச் செய்கிறார்கள்.

நம் பிள்ளைகளை நாம் பெரும்பாலும் தனியாகத்தான் மேடை ஏற்றுகிறோம். பியானோ, அரங்கேற்றம், ஸ்பெல்லிங் பீ எல்லாவற்றிலும் ஒரு பெயர், ஒரு பரிசு. நல்லதுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. என் மகள் மெல்லோஃபோன் என்னும் பித்தளை ஊதுவாத்தியம் வாசிக்கிறாள், அவ்வளவு பெரிய ஸ்டேடியத்தில் அவள் வாசிப்பு மட்டும் தனியாக எனக்கே கேட்காது. ஆனால் அவள் காய்ச்சலில் படுத்தால் பிள்ளைகள் மைதானத்தில் நின்று போடும் வளைவில் ஒரு ஓட்டை விழும், யாராலும் மறைக்க முடியாது. போன கோடையில் அவள் தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, புதிதாகச் சேர்ந்த ஒரு பையனின் ஷூ நுனியைக் கையால் பிடித்துத் திருப்பி, "இங்க, இப்படி" என்று காட்டிக்கொண்டிருந்தாள். அவன் சரியாக நடந்தால்தான் இவளுடைய வரிசை நேராக இருக்கும். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மார்க்கைக் கேட்டுக் கேட்டு வளர்ந்த எனக்கு இந்த உறவு புதிது, அப்புறம் ரொம்பவும் பிடித்துப்போனது.

நேரத்தைப் பற்றிக் கவலைப்படுகிறவர்களுக்கு: பள்ளி தொடங்கிய பிறகு வகுப்பு நேரத்துக்கு வெளியே வாரம் 8 மணி நேரத்துக்கு மேல் பயிற்சி கூடாது என்று மாநிலத்தில் விதி இருக்கிறது. பேண்டை ஃபைன் ஆர்ட்ஸ் என்னும் கலைப் பாடத்துக்கும் எடுத்துக்கொள்வார்கள், பி.இ. என்னும் உடற்கல்வி வகுப்புக்குப் பதிலாகவும் கணக்கில் வைக்கலாம்.

பாடத் தேர்வுப் படிவத்தில் பேண்டை நீக்குவதற்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை ஃபுட்பால் மேட்ச்சில் பேண்ட் வாசிக்கும் ஹாஃப்டைம் இடைவேளைக்கு முன்பே வந்துவிடுங்கள், மேட்ச் முடிந்து பிள்ளையைக் கூட்டிப்போக மட்டும் வராதீர்கள். மேல் வரிசையில் உட்காருங்கள், அங்கிருந்துதான் வடிவங்கள் முழுசாகத் தெரியும். கை சும்மா இருந்தால் கீழே கேட் பக்கம் வாருங்கள், மரிம்பா என்னும் பெரிய மரக்கட்டை வாத்தியங்களை மைதானத்துக்குள் தள்ளிக்கொண்டு போக எங்களுக்கு எப்போதும் ஆள் பற்றாக்குறைதான்.